பழைய மோட்டார்ஹோம் ஜன்னல்: இரண்டு முறை சிலிகான் பூசியும் ஒழுகுகிறது, கழற்றித்தான் ஆகவேண்டுமா?

சக்கரவீடு

வணக்கம். ஒரு வருடமாக இங்கே வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், எழுதுவது இதுதான் முதல் முறை.

என் வண்டி 1991 மாடல். வெளியே ஃபைபர்கிளாஸ் தகடு, நடுவில் மரச்சட்டம், உள்ளே மெல்லிய பிளைவுட். பழைய வண்டியாகத்தான் வாங்கினேன். ஒரு பக்கத்தில் மூன்று ஜன்னல்கள், எல்லாம் அலுமினியச் சட்டம். இரண்டு தள்ளித் திறப்பவை, ஒன்று திறக்காதது. மூன்றின் அடியிலும் மழைக்குப் பிறகு ஈரம் தெரிகிறது.

போன வருடம் மூன்றையும் சுற்றி வெளியே சிலிகான் பூசினேன். ஒரு மாதம் நன்றாக இருந்தது, அப்புறம் மறுபடி ஒழுகல். இந்த வருடம் பழைய பூச்சின் மேலேயே இன்னொரு சுற்று, இன்னும் தடிமனாக. இப்போது முன்னைவிட மோசம். சோபாவுக்குப் பின்னால் பிளைவுட்டை விரலால் அழுத்தினால் நனைந்த அட்டை மாதிரி உள்ளே போகிறது. வண்டிக் கதவைத் திறந்தாலே பூஞ்சை வாடை.

ஜன்னலைக் கழற்றாமல் இதைச் சரிசெய்ய வழி இருக்கிறதா? கழற்றினால் கண்ணாடி உடைந்துவிடுமோ என்று பயம். வண்டிக்கு முப்பது வயது தாண்டிவிட்டது, உதிரிப் பாகம் கிடைக்காது.

திருப்புளி

பதில் சொல்லும் முன் நான்கு கேள்விகள். ஒழுகுவது மழை பெய்யும்போதா, ஓய்ந்து சில மணி நேரம் கழித்தா? ஈரம் முதலில் தெரிவது கீழ் மூலையிலா, மேல் விளிம்பிலா? வண்டி எந்தப் பக்கம் சாய்ந்து நிற்கிறது? கடைசியாக, தள்ளு ஜன்னல் சட்டத்தின் அடியில் வெளிப்பக்கமாகச் சின்ன நீள்துளைகள் இருந்திருக்குமே, சிலிகான் பூசும்போது அவற்றை என்ன செய்தீர்கள்?

சக்கரவீடு

நான்காவது கேள்வியைப் படித்ததும் வயிற்றைக் கலக்கிவிட்டது அண்ணே. இருந்தன. ஜன்னலுக்கு மூன்று. தண்ணீர் நுழைய இதைவிட நல்ல வழி வேறென்ன வேண்டும் என்று நினைத்து எல்லாவற்றையும் அடைத்துவிட்டேன். முதல் முறை பூசியபோதே.

மற்றவை: இரண்டு தள்ளு ஜன்னல்களிலும் கீழ் மூலையில்தான் முதலில் ஈரம். திறக்காத ஜன்னலில் மேல் விளிம்பில், அதுவும் மழை நின்ற பிறகு. வண்டி எந்தப் பக்கம் சாய்கிறது என்று இதுவரை பார்த்ததே இல்லை.

பழையதச்சன்

தம்பி, மனதை விடாதீர்கள். இந்தத் தப்பைச் செய்யாதவர் இங்கே குறைவு, நானும் ஒரு காலத்தில் செய்தவன்தான்.

தள்ளு ஜன்னலில் கண்ணாடி ஓடும் பள்ளம் இருக்கிறதே, அது தண்ணீர் வரக்கூடாத இடம் இல்லை. கண்ணாடியில் வழியும் மழை அதற்குள் இறங்கத்தான் செய்யும். வடிவமைத்தவனுக்கும் அது தெரியும், அதனால்தான் அடியில் வடிதுளை வைத்தான். துளையை அடைத்தால் பள்ளம் தொட்டியாகிவிடும். உள்விளிம்பு வெளிவிளிம்பைவிடக் கொஞ்சம் உயரம்தான், ஆனால் வண்டி உள்பக்கமாகச் சாய்ந்து நின்றால் அந்த உயரம் எந்த மூலைக்கு? தொட்டி நிரம்பியதும் உங்கள் சோபாவில்தான் வழியும். முதல் வேலையாக அந்தத் துளைகளைத் திறந்துவிடுங்கள். மெல்லிய கம்பி போதும். சிலிகான் இல்லாவிட்டாலும் அதில் தூசி, இலைத்துகள், குளவி கட்டிய மண் எல்லாம் அடைத்துக்கொள்ளும். வருடத்துக்கு ஒரு முறை குத்திவிட வேண்டிய துளை அது.

இது ஒரு ஒழுகல். உங்கள் வண்டியில் குறைந்தது மூன்று விதமான ஒழுகல் இருப்பதாகப் படுகிறது.

சட்டத்தின் விளிம்பு வெளிச்சுவரில் உட்காரும் இடத்தில் ஒட்டுப்பட்டை ஒன்று இருக்கும். உங்கள் வண்டியின் வயதுக்கு அது பெரும்பாலும் எண்ணெய்க் களிமண் மாதிரியான புட்டிப் பட்டையாக இருக்கும். எண்ணெய் வற்றினால் வெடித்துப் பொடியாகும். கழற்றிப் பார்த்தால் காய்ந்த மண் மாதிரி கையோடு வரும். அது போய்விட்டால் அந்த இடத்தில் ஜன்னலுக்கும் சுவருக்கும் நடுவே தடுப்பு என்று எதுவும் இல்லை.

அடுத்தது, கண்ணாடிக்கும் அலுமினியச் சட்டத்துக்கும் நடுவே உள்ள ரப்பர் பீடிங். அது வயதாகச் சுருங்கும், மூலைகளில் இடைவெளி விழும். சட்டத்தைச் சுற்றி எவ்வளவு பூசினாலும் அந்த மூலைக்குப் பயன் இல்லை.

வெளியே பூசிய சிலிகான் ஏன் நிலைமையை மோசமாக்கியது என்றும் சொல்லிவிடுகிறேன். மேல்பக்கம் எங்கோ ஓர் ஊசித்துளை போதும், தண்ணீர் உள்ளே போய்விடும். முன்பு அது கீழ்விளிம்பில் கசிந்து வெளியே வந்துகொண்டிருந்தது. இப்போது நீங்கள் நாலு பக்கமும் அடைத்துவிட்டீர்கள். வந்த தண்ணீர் போக வழி இல்லாமல் மரத்தில் ஊறுகிறது.

அதனால், கழற்றித்தான் ஆகவேண்டும். கண்ணாடி உடையாது, பொறுமையாகச் செய்தால்.

மழைக்கோடு

கழற்றும் முன் ஒரு நிமிடம். திறக்காத ஜன்னலின் மேல்விளிம்பில் ஈரம், அதுவும் மழை நின்ற பிறகு என்கிறீர்கள். என் வண்டியில் இதே அறிகுறிதான். ஜன்னலைக் கழற்றினேன், புதுப் பட்டை வைத்தேன், பெருமையாகப் படம் எடுத்தேன். அடுத்த மழையில் அதே இடத்தில் அதே ஈரம். கடைசியில் பார்த்தால் கூரை ஓரத்தில் இருக்கும் சின்ன அடையாள விளக்கின் அடியில் ரப்பர் இத்துப்போயிருந்தது. அங்கே நுழைந்த தண்ணீர் சுவருக்குள்ளேயே இறங்கி, ஜன்னலுக்கு மேலே இருக்கும் குறுக்குச் சட்டத்தில் தங்கி, நிதானமாகச் சொட்டியிருக்கிறது. பாவம், அந்த ஜன்னல் ஒரு தப்பும் செய்யவில்லை.

திருப்புளி

அக்கா சொன்னது பொன். கூரையும் சுவரும் சேரும் இடம், அடையாள விளக்குகள், வெயில் மறைப்பை மாட்டும் நீளக் கம்பியின் திருகுகள், இவை எல்லாம் ஜன்னலுக்கு மேலே இருப்பவை. பழி மட்டும் ஜன்னல் மேல் விழும்.

சோதனை இப்படி. உள்ளே ஒருவர் டார்ச்சோடு, வெளியே ஒருவர் குழாயோடு. உள்பக்கம் சட்டத்தைச் சுற்றி டிஷ்யூ பேப்பரை ஒட்டிவிடுங்கள், ஒரு சொட்டு விழுந்தாலும் கறை தெரியும். தண்ணீரைக் கீழிருந்துதான் தொடங்க வேண்டும். முதலில் சட்டத்தின் கீழ்விளிம்பில் மட்டும் பத்து நிமிடம். ஒன்றும் இல்லையென்றால் கண்ணாடியின் அடிப்பக்கம், அப்புறம் பக்கவாட்டு, அப்புறம் மேல்விளிம்பு, கடைசியாகத்தான் கூரை ஓரம். மேலிருந்து ஊற்றினால் எல்லா இடமும் ஒரே நேரத்தில் நனையும், எது குற்றவாளி என்று தெரியாது. அழுத்தமாகப் பீய்ச்சவும் வேண்டாம், மழை அப்படிப் பெய்யாது. சும்மா வழிய விட்டால் போதும்.

சக்கரவீடு

ஞாயிற்றுக்கிழமை முழுக்க இதுதான் வேலை. உள்ளே மனைவி, வெளியே நான். முதல் தள்ளு ஜன்னலில் துளையைத் திறந்ததும் கம்பியோடு கருப்பாக ஒரு நீளச் சிலிகான் புழு வந்தது, அதன் பின்னாலேயே ஒரு டம்ளர் அளவு பழுப்புத் தண்ணீர். எத்தனை நாள் அங்கே நின்றதோ. அதன் பிறகு அரை மணி நேரம் ஊற்றியும் டிஷ்யூ காய்ந்தே இருந்தது. அப்படியென்றால் அந்த ஜன்னலுக்குத் துளை மட்டும்தான் பிரச்சினை.

இரண்டாவது தள்ளு ஜன்னலில் துளையைத் திறந்த பிறகும், பக்கவாட்டில் ஊற்றிய ஏழாவது நிமிடத்தில் இடது கீழ் மூலை நனைந்தது. மூன்றாவதில், அதாவது திறக்காததில், ஜன்னல் முழுக்க நனைத்தும் ஒன்றும் இல்லை. குழாயைக் கூரை ஓரத்துக்குக் கொண்டுபோய் இருபது நிமிடம் கழித்து மேல் விளிம்பில் ஒரு சொட்டு. மழைக்கோடு அக்கா, உங்கள் விளக்கேதான்.

ஆக, கழற்ற வேண்டியது இரண்டாவது ஜன்னல். எப்படித் தொடங்குவது?

பழையதச்சன்

உங்கள் வண்டியில் இருப்பது கவ்விப் பிடிக்கும் வகை. வெளியே சட்டத்தின் விளிம்பு, உள்ளே ஒரு வளையம், இரண்டும் சுவரை நடுவில் வைத்துக் கவ்வுகின்றன. உள்வளையத்தின் திருகுகள்தான் எல்லாவற்றையும் பிடித்திருப்பவை.

வளையத்தில் மேல்பக்கம் எது என்று காகித டேப்பில் எழுதி ஒட்டிவிடுங்கள். பார்க்க ஒரே மாதிரி இருக்கும், தலைகீழாக வைத்தால் துளை ஒன்றோடொன்று சேராது. திருகுகளை எடுக்கும்போது வெளியே ஒருவர் கையை ஜன்னல் மேல் வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். பட்டை காய்ந்துபோன ஜன்னல் கடைசித் திருகு கழன்ற நொடியில் கீழே விழுந்த கதைகள் உண்டு. பட்டை பிடித்துக்கொண்டிருந்தால் அதற்கு நேர் எதிர்: இழுத்தாலும் வராது. அப்போது நெம்பாதீர்கள். ஃபைபர்கிளாஸ் வெடிக்கும், அலுமினியம் வளையும். வளைந்த விளிம்பு மறுபடி சமமாக உட்காராது. பட்டி பூசும் மெல்லிய தகட்டை ஹேர் டிரையரால் சூடாக்கி விளிம்புக்கு அடியில் மெதுவாக விட்டு, வெட்டுவதுபோல நகர்த்துங்கள். தகடு போகாத இடத்தில் தூண்டில் நரம்பை இரண்டு கையிலும் பிடித்து ரம்பம் மாதிரி இழுத்தால் அறுக்கும்.

திருகுகளை ஒரு டப்பாவில் போட்டுவையுங்கள். துருப்பிடித்தவற்றை மாற்றும்போது துருப்பிடிக்காத எஃகுத் திருகு போடலாம், ஆனால் நீளம் அதேதான் இருக்க வேண்டும். கொஞ்சம் நீளமானதைப் போட்டால் அது போய் வெளிவிளிம்பை உள்ளிருந்து குத்தி மொட்டு மாதிரி தள்ளிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் வரிசையாகக் கொப்புளம்.

ஒரேபூச்சு

எல்லோரும் சிலிகானைத் திட்டுகிறீர்கள். நான் பன்னிரண்டு வருடமாகச் சிலிகான்தான் பூசுகிறேன், ஒரு சொட்டு வந்ததில்லை. சுத்தமான பரப்பில் ஒழுங்காகப் பூசினால் அதைவிட நீடித்து உழைப்பது எது? கண்ணாடி மீன்தொட்டியே சிலிகானில்தானே நிற்கிறது?

பழையதச்சன்

நண்பரே, மீன்தொட்டி சாலையில் ஓடுவதில்லை.

விளையாட்டு ஒருபுறம் இருக்கட்டும், நீங்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. கண்ணாடியில் சிலிகான் அபாரமாகப் பிடிக்கும். எங்கள் குறை வேறு. ஒரு நாள் அது விடும். விட்ட பிறகு அந்த இடத்தில் வேறு எந்தப் பூச்சும் ஒட்டாது, புதுச் சிலிகான்கூட பழைய சிலிகான் மேல் சரியாக ஒட்டாது. இவருடைய இரண்டாம் சுற்றுக்கு அதுதான் நடந்தது. காயும்போது காடி வாடை அடிக்கும் வகை அசிட்டிக் அமிலத்தை வெளியிடும், வெறும் உலோகத்துக்கு அது ஆகாது. பழைய வண்டி என்றால் என்றாவது ஒரு நாள் மறுபடி கழற்ற வேண்டிவரும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கழற்ற முடிகிற பொருளைத்தான் நான் வைப்பேன், அதாவது பிசுபிசுப்பான ரப்பர் மாதிரியான பியூட்டைல் பட்டையை.

அளவுகோல்

இதை எண்ணில் பார்த்தால் சண்டையே தேவையில்லை. அலுமினியம் ஒரு டிகிரி செல்சியஸுக்கு, ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய 0.023 மி.மீ. நீளும். 1.2 மீட்டர் சட்டம், குளிர்ந்த இரவுக்கும் சுட்டெரிக்கும் வெயிலுக்கும் நடுவே 40 டிகிரி வித்தியாசம் என்று வைத்தால் சுமார் 1.1 மி.மீ. அதே நீளக் கண்ணாடி அரை மி.மீ. கூட நீளாது. அக்ரிலிக் பிளாஸ்டிக் ஜன்னலாக இருந்தால் மூன்று மி.மீ. தாண்டும். இந்த இழுபறி தினமும் நடக்கிறது, சாலை அதிர்ச்சி தனி. கெட்டியாகக் காய்கிற எதுவும் ஒரு பக்கம் விட்டுத்தான் ஆகும். பியூட்டைல் காய்வதே இல்லை. ஒட்டிக்கொண்டே கூட நகரும்.

டயர் டியூபுக்குப் பயன்படும் அதே பியூட்டைல் ரப்பர் குடும்பம்தான் இது. 1937-ல் கண்டுபிடித்தது. காற்றையே எளிதில் விடாத பொருள் தண்ணீரையா விடப்போகிறது?

ஒரேபூச்சு

சரி, என் வண்டியில் ஒழுகும்வரை நான் சிலிகான் கட்சிதான். ஒழுகினால் வந்து சொல்கிறேன்.

சக்கரவீடு

கழற்றிவிட்டேன். 34 திருகுகள், அதில் ஒன்பது தலை உடைந்து வந்தன. ஜன்னலைப் புல்லில் விரித்த போர்வை மேல் படுக்க வைத்திருக்கிறேன்.

திறப்பின் மேல்பக்கச் சட்டமும் வலது சட்டமும் நல்ல மரம், தட்டினால் கணீர் என்கிறது. கீழ்ச்சட்டம்தான் கதை. பார்வைக்கு வெறும் கறுப்பு. திருப்புளியை வைத்து லேசாக அழுத்தினேன், கைப்பிடி வரை போய்விட்டது. வெளியே இழுத்ததும் நனைந்த தேயிலைச் சக்கை மாதிரி ஒரு கொத்து வந்தது. இடது மூலையிலிருந்து கிட்டத்தட்ட 40 செ.மீ. தூரத்துக்கு மரம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. அதற்குள் ஒரு மரவட்டை குடும்பம் நடத்திக்கொண்டிருக்கிறது. பழைய பட்டை நீங்கள் சொன்ன மாதிரியே பொடிந்து கொட்டியது.

இதைப் பிசின் ஊற்றி இறுக்கிவிடலாமா, வெட்டித்தான் ஆகவேண்டுமா?

பழையதச்சன்

திருப்புளி கைப்பிடி வரை போகும் மரத்தை எந்தப் பிசினும் காப்பாற்றாது. எப்பாக்சி ஊற்றி இறுக்குவது விரல்நுனி அளவு மெத்தென்று இருக்கும் இடத்துக்கு, அதுவும் முழுதாகக் காய்ந்த பிறகு. ஈர மரத்தில் ஊற்றினால் ஈரத்தை உள்ளே வைத்து மூடி போட்ட மாதிரி.

கறுப்பு முடியும் இடத்தில் நிறுத்தாதீர்கள். அதைத் தாண்டி ஒரு சாண் நல்ல மரம் வரை வெட்டுங்கள். புது ரீப்பரை அதே தடிமனில் இழைத்து, முனைகளில் பசை தடவி, நல்ல மரத்தோடு சேர்த்துத் திருகுங்கள். உள்ளே பழைய தெர்மாகோல் நனைந்திருந்தால் அதையும் எடுத்துவிட்டுப் புதிதாக வெட்டி வைக்கவும்.

தடிமன் விஷயத்தில் பிடிவாதமாக இருங்கள். கவ்வும் வகை ஜன்னல் ஒரு குறிப்பிட்ட சுவர்த் தடிமனுக்குச் செய்தது. பலமாக இருக்கட்டும் என்று உள்ளே தடித்த பிளைவுட் போட்டால் வளையத்தின் திருகு எட்டாது. மெல்லியதாகப் போனால் எவ்வளவு இறுக்கினாலும் ஜன்னல் ஆடும்.

அவசரமே வேண்டாம். திறப்பைத் தார்ப்பாய் போட்டு மூடி, உள்ளே மின்விசிறி வைத்து, ஒரு வாரமாவது காயவிடுங்கள். ஈரமானி கிடைத்தால் பாருங்கள். 20 சதவீதத்துக்குக் கீழே இறங்காமல் மூடினால், இப்போது வெட்டி எறிந்த அதே பூஞ்சையைப் புது மரத்துக்குக் குடிவைத்தது மாதிரி ஆகும்.

நெடுஞ்சாலை

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். என் வண்டியில் இருப்பது அக்ரிலிக் இரட்டைத் தகடு ஜன்னல், மேல்பக்கம் கீல் வைத்து வெளியே தூக்கித் திறப்பது. பழைய பிசுக்கை எடுக்க ஸ்பிரிட் போடலாமா?

அளவுகோல்

அக்ரிலிக்கில் வேண்டாம். ஆல்கஹால், தின்னர், பெட்ரோல் எதுவும் வேண்டாம். அக்ரிலிக்கில் ஏற்கெனவே இழுவிசை இருக்கும் இடங்களில் அவை பட்டால் சிலந்தி வலை மாதிரி நுண்வெடிப்பு ஓடும். சில சமயம் மறுநாள்தான் தெரியும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீர், மெத்தென்ற துணி, பொறுமை. பியூட்டைல் பிசுக்கென்றால் பியூட்டைல் உருண்டை ஒன்றையே அதன்மேல் ஒற்றி ஒற்றி எடுத்தால் வந்துவிடும். பாலியூரித்தேன் பசையையும், அக்ரிலிக்குக்கு ஒத்துவரும் என்று டப்பாவில் எழுதியிருந்தால் தவிர, அருகில் கொண்டுபோகாதீர்கள்.

சக்கரவீடு நண்பருடையது அலுமினியமும் கண்ணாடியும். அவர் பிசுக்கைப் பிளாஸ்டிக் சுரண்டியால் எடுத்து, டர்பென்டைனால் துடைத்து, கடைசியாக ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலால் துடைக்கலாம். டர்பென்டைன் எண்ணெய்ப்பசையை விட்டுச்செல்லும், அதனால் கடைசித் துடைப்பு முக்கியம்.

நெடுஞ்சாலை

நல்லவேளை, கேட்டேன். ஸ்பிரிட் பாட்டில் கையில் இருந்தது.

திருப்புளி

சக்கரவீடு, சிலிகான் இருந்த இடத்தைத் துடைத்த பிறகு ஒரு சோதனை செய்யுங்கள். தண்ணீரைத் தெளித்துப் பாருங்கள். சீராகப் படர்ந்தால் சுத்தம். முத்து முத்தாக உருண்டால் சிலிகான் இன்னும் இருக்கிறது, மறுபடி சுரண்டுங்கள். இதில் சோம்பல் பட்டால் பியூட்டைலும் அந்த இடத்தில் ஏமாற்றும்.

ஜன்னல் வெளியே இருக்கும்போதே பள்ளத்தில் கண்ணாடி ஓடும் வெல்வெட் பட்டையையும் பாருங்கள். முப்பது வருடத் தூசியில் அது கல்லாகியிருக்கும். கண்ணாடியைச் சுற்றியுள்ள பீடிங்கின் மூலைகளையும் பாருங்கள். மாட்டிய பிறகு இதைச் செய்ய இரட்டிப்பு நேரம் ஆகும்.

இன்னொன்று: உங்கள் வண்டியில் ஒரு ஜன்னல் அவசர வழியாக இருக்கும், பெரும்பாலும் சிவப்புப் பிடியோடு. அதை ஒழுகுகிறது என்று யாரும் ஒட்டி மூடிவிடக் கூடாது. பழைய வண்டி வாங்கும்போது முன்னவர் அப்படி ஒட்டிவைத்திருப்பதை இரண்டு முறை பார்த்திருக்கிறேன்.

சக்கரவீடு

மரவேலை முடிந்தது. ஒன்பது நாள் காயவைத்தேன். ஈரமானி 14 காட்டுகிறது. தண்ணீர்ச் சோதனையில் மூன்று முறை தோற்று நான்காவது முறை தேறினேன். சிவப்புப் பிடியைத் திறந்து பார்த்தேன், நல்லபடியாகத் திறக்கிறது. நாளை மாட்டுகிறோம். பியூட்டைல் பட்டை 19 மி.மீ. அகலம், 3 மி.மீ. தடிமன். எங்கே தொடங்குவது?

பழையதச்சன்

கீழ்விளிம்பின் நடுவில் தொடங்குங்கள், சுற்றி வந்து அங்கேயே முடியுங்கள். இணைப்பு மேல்பக்கம் வரவே கூடாது. பட்டையை இழுக்காமல் ஒட்டுங்கள். இழுத்து ஒட்டினால் பிறகு சுருங்கி இணைப்பில் இடைவெளி விடும். வளைந்த மூலையில் உள்பக்கமாகக் கொஞ்சம் தளர்த்தித் தள்ளிக்கொண்டே போங்கள். முடிவில் ஒரு விரல் நீளம் ஒன்றின்மேல் ஒன்று ஏறட்டும், இரண்டையும் சேர்த்துப் பிசைந்துவிடுங்கள். மேல்தாளைக் கடைசி நிமிடம் வரை எடுக்காதீர்கள், ஈக்கும் தூசிக்கும் அது பிடித்த இடம்.

உங்கள் சுவர் சமம், ஒரு சுற்று போதும். அலை அலையான அலுமினியத் தகடு உள்ளவர்கள் பள்ளம் விழும் இடங்களில் கூடுதல் துண்டு வைக்க வேண்டும்.

ஜன்னலைத் தூக்கி வைக்கும் முன் திறப்பின் அடியில் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் துண்டுகள் வையுங்கள். இல்லாவிட்டால் ஜன்னல் தன் எடையில் கீழே இறங்கி உட்கார்ந்துவிடும், மேல்விளிம்பு சுவரை மூடும் அகலம் குறைந்துவிடும். குளிராக இருந்தால் பட்டை விறைப்பாக இருக்கும், டிரையரால் லேசாகச் சூடாக்குங்கள். கடும் வெயிலில் செய்யாதீர்கள், கையெல்லாம் கோந்தாகிவிடும்.

திருகுவதைக் கையால்தான். முதலில் எல்லாவற்றையும் பாதி, பிறகு எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக, கார் சக்கரத்துக்கு நட்டு முடுக்குவது மாதிரி. பட்டை சுற்றிலும் சமமாகப் பிதுங்க வேண்டும். பிதுங்காத இடம் எங்கோ, அங்கே ஒழுகும். ஒரேயடியாக இறுக்கிப் பட்டை முழுவதையும் பிதுக்கித் தள்ளிவிடவும் கூடாது. மறுநாள் ஒரு சுற்று, ஒரு வாரம் கழித்து ஒரு சுற்று இறுக்குங்கள்.

சக்கரவீடு

மாட்டிவிட்டோம்! வெளியே நின்று தாங்கியது என் மைத்துனர், உள்ளே திருகியது நான். மூன்றாம் சுற்றில்தான் பட்டை வெளியே எட்டிப் பார்த்தது. விளிம்பைச் சுற்றி ஒரு சாம்பல் நிறக் கயிறு மாதிரி, மெதுவாக, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வந்தது. வலது மேல் மூலையில் மட்டும் வரவில்லை. அந்த இரண்டு திருகுகளையும் கால் சுற்று கூட்டியதும் அங்கேயும் வந்தது. அதைப் பார்த்ததில் இவ்வளவு சந்தோஷப்படுவேன் என்று நினைக்கவில்லை.

அடுத்த கேள்வி. பிதுங்கியதைச் சீவிய பிறகு அதன்மேல் வெயில் தாங்கும் சீலண்ட் ஒரு கோடு இழுக்கச் சொல்கிறார்கள் சிலர். நாலு பக்கமுமா?

திருப்புளி

மேல்பக்கமும் இரண்டு பக்கவாட்டும் போதும், சிலிகான் அல்லாத வகையில். அடியைத் திறந்து விடுங்கள். எப்போதாவது உள்ளே ஒரு சொட்டு போனால் அது வெளியே வர ஒரு வாசல் வேண்டும்.

அளவுகோல்

இதில் எனக்குக் கருத்து வேறுபாடு உண்டு. அடியிலும் பியூட்டைல்தான் இருக்கிறதே, அது அடைத்துக்கொண்டிருக்கும்போது அதன்மேல் கோடு இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன?

திருப்புளி

பியூட்டைல் ஓரிடத்தில் விட்டால் என்ன ஆகும் என்பதுதான் என் கவலை. அடியில் கோடு இல்லாவிட்டால் கீழ்விளிம்பில் ஒரு அழுக்குக் கறை வழியும், ஏதோ நடக்கிறது என்று வெளியிலிருந்தே தெரிந்துவிடும். கோடு இருந்தால் மரம் இத்துப்போன பிறகுதான் தெரியும்.

அளவுகோல்

சரி, எச்சரிக்கை மணி என்று வைத்துக்கொண்டால் ஏற்கிறேன்.

சக்கரவீடு

மூன்று மழை ஆகிவிட்டது, அதில் ஒன்று இரவு முழுக்கக் கொட்டியது. இரண்டாவது ஜன்னலின் டிஷ்யூ காய்ந்தே இருக்கிறது. அடையாள விளக்கைக் கழற்றி அடியில் புது ரப்பரும் கொஞ்சம் பியூட்டைலும் வைத்தேன், திறக்காத ஜன்னலின் மேல்விளிம்பிலும் ஈரம் இல்லை.

ஆனால் இன்று காலை முதல் ஜன்னலில், அதாவது வடிதுளை மட்டும் திறந்த ஜன்னலில், உள்பக்கக் கண்ணாடியின் அடியில் தண்ணீர் கோடாக நின்றது. நேற்று மழையே இல்லை. மறுபடியும் முதலிலிருந்தா?

மழைக்கோடு

நேற்று இரவு வண்டியில் யாராவது தூங்கினீர்களா?

சக்கரவீடு

நானும் மனைவியும். குளிர் என்று எல்லாவற்றையும் இறுக்க மூடிவிட்டோம்.

மழைக்கோடு

அப்படியென்றால் அது நீங்கள் இருவரும் விட்ட மூச்சு. ஒற்றைக் கண்ணாடி, வெளியே குளிர், உள்ளே இரண்டு பேர். ஒழுகல் இருந்த காலத்தில் அது வேறு ஈரத்தோடு கலந்து தெரியாமல் போயிருக்கும். கூரைத் திறப்பை ஒரு விரல் அகலம் திறந்துவைத்துத் தூங்கிப் பாருங்கள்.

சக்கரவீடு

வைத்தோம் அக்கா. கண்ணாடி காய்ந்திருக்கிறது, மூக்குதான் கொஞ்சம் சில்லிட்டது. ஒரு வாரம் ஆகிவிட்டதால் இரண்டாவது ஜன்னலை இன்று மறுபடி ஒரு சுற்று இறுக்கினேன், இன்னும் மெல்லிய கயிறு மாதிரி பிதுங்கியது. அதைச் சீவிவிட்டு மூன்று பக்கமும் கோடு இழுக்கப் போகிறேன். அடி திறந்தே இருக்கும்.